வரவு செலவு நோட்டு: நேர்மையைப் பாடமாக்கும் வழிகள்

அக்டோபர் மாதத்தின் கடைசி வாரம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வலது கையை நீட்டி நிற்கும் மாணவர்கள், ஊழலுக்கு எதிரான உறுதிமொழியை ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறார்கள். சர்தார் படேலின் பிறந்தநாளான அக்டோபர் 31 எந்த வாரத்தில் வருகிறதோ, அந்த வாரத்தை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் ஆண்டுதோறும் விழிப்புணர்வு வாரமாகக் கடைப்பிடிக்கிறது. பள்ளிகளில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் நடக்கும். முதல் பரிசு வாங்கும் பேச்சை வீட்டில் அக்காவோ அப்பாவோ எழுதித் தந்திருப்பார்கள். கட்டுரைகளில் பாதி கைபேசியைப் பார்த்து எழுதியவை. லஞ்சத்தைப் புற்றுநோயோடு ஒப்பிடும் வரி பத்துத் தாள்களில் ஒரே எழுத்துப்பிழையோடு இருக்கும். திருத்துகிற ஆசிரியருக்கும் இது தெரியும்.

நேர்மைப் போட்டிக்கே காப்பியடிக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவர்களிடம் பேச்சுதான் கேட்கப்பட்டது, அதைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கான இந்த அத்தியாயம் வேறொன்றைக் கேட்கச் சொல்கிறது. கணக்கு வைக்கவும், வைத்த கணக்கைக் காட்டவும், மற்றவரிடம் மரியாதையோடு கணக்குக் கேட்கவும் மாணவர்களைப் பழக்க வேண்டும். அதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. தமிழ், வேதியியல், கணிதம், வரலாறு வகுப்புகளிலேயே இடம் இருக்கிறது.

உபதேசம் ஏன் ஒட்டுவதில்லை

1920களில் ஹ்யூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 8 முதல் 16 வயது வரையுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சில சோதனைகள் வைத்தார்கள். சொந்த விடைத்தாளைத் தாங்களே திருத்தச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்தார்கள். விளையாட்டில் எடுத்த புள்ளியைத் தாங்களே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். 1928இல் வெளியான முடிவுகள் பலரைத் திகைக்க வைத்தன. பிள்ளைகளை நேர்மையானவர், ஏமாற்றுபவர் என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடியவில்லை. தேர்வில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஒழுங்காக நடந்துகொண்டது, பண விஷயத்தில் சுத்தமாக இருந்த பிள்ளை வீட்டுப்பாடத்தில் ஏமாற்றியது. ஞாயிறு பள்ளிகளில் நன்னெறி வகுப்புக்குப் போனதற்கும் சோதனையில் நேர்மையாக நடந்ததற்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தெரியவில்லை. எந்த வகுப்பறை, எப்படிப்பட்ட ஆசிரியர், பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்பவைதான் கணிசமாக வேலை செய்தன.

அந்த முடிவைப் பிற்காலத்தில் பலர் விவாதித்திருக்கிறார்கள். ஆனாலும் ஆசிரியருக்கு அதிலிருந்து கிடைக்கும் வழி தெளிவானது. 'நல்ல பிள்ளை', 'திருட்டுப் பிள்ளை' என்று முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, நேர்மையாக இருப்பது எளிதாகும்படி வகுப்பின் சூழலை மாற்ற வேண்டும். சுற்றுலாவுக்குத் தலைக்கு 300 ரூபாய் வசூலித்துவிட்டு, மிச்சம் என்னவாயிற்று என்று சொல்லாத வகுப்பில் நேர்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் ஜன்னல் வழியே வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் வகுப்பு: சொற்களைப் பொறுக்குதல்

தொடங்க நல்ல இடம் தமிழ் வகுப்பு. லஞ்சத்தைக் குறிக்க ஊரில் புழங்கும் சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். ஐந்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிடும்: மாமூல், டீ காசு, கையூட்டு, கமிஷன், கட்டிங், சம்திங், அன்பளிப்பு. வாக்கியங்களும் வரும்: "கவனிச்சுட்டுப் போங்க", "மேல வரைக்கும் குடுக்கணும்", "பார்த்துப் போட்டுக் குடுங்க", "அவரு வேலைக்குக் காசு கட்டியிருக்காரு."

அடுத்து, இந்தச் சொற்கள் எதை மறைக்கின்றன என்று கேட்க வேண்டும். மாமூல் என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்த சொல், 'வழக்கமானது' என்று பொருள். 'மாமூல் வாழ்க்கை பாதிப்பு' என்று செய்தித்தாள் போடுவதும் அதே மாமூல்தான். தவறுக்கு வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் கேள்வி எழாது. 'டீ காசு' தொகையைச் சுருக்கிக் காட்டுகிறது. 'அன்பளிப்பு' கட்டாயத்தை அன்பாக்குகிறது. 'வேலைக்குக் காசு கட்டுவது' கல்லூரிக்கு ஃபீஸ் கட்டுவது போலவே ஒலிக்கிறது. 'கையூட்டு' ஒன்றுதான் நடப்பதைப் படம்பிடிக்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலக் கைக்கு ஊட்டுகிறார்கள். அதனால்தானோ என்னவோ அது பேச்சில் வருவதில்லை, செய்தித்தாளோடு நின்றுவிட்டது.

ஒவ்வொரு வாக்கியத்தையும் மறைப்பில்லாமல் திருப்பி எழுதுவது வீட்டுப்பாடம். "கவனிச்சுட்டுப் போங்க" என்பது, "இந்த வேலைக்கு அரசு எனக்குச் சம்பளம் தருகிறது, ஆனாலும் நீங்களும் தந்தால்தான் செய்வேன்" என்று மாறும். எழுதியதை உரக்கப் படிக்கும்போது வகுப்பில் சிரிப்பு எழும். பாடம் அங்கே தொடங்கிவிடுகிறது.

வீட்டுக்குள் நுழையும் கேள்வி

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு மாணவர் எழுந்து கேட்பார்: "சார், காசு குடுக்கலைன்னா சர்ட்டிபிகேட்டே வராதுங்கறாங்க. எங்க அப்பா குடுத்தாரு. அவரு தப்பானவரா?"

ஆசிரியர் தயாராக இருக்க வேண்டிய கேள்வி இது. பூசி மெழுகினாலும், தப்புதான் என்று அடித்துச் சொன்னாலும் வகுப்பு கைவிட்டுப் போய்விடும். லஞ்சத்தில் இரண்டு வகை உண்டு என்று காட்டுவது உதவும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைப் பிடித்துவைத்துக்கொண்டு பறிப்பது ஒன்று. தகுதியில்லாததை இரண்டு தரப்பும் சேர்ந்து வாங்குவது இன்னொன்று. வருமானச் சான்றிதழுக்காகக் கூலித் தொழிலாளி கொடுக்கும் 500 ரூபாயும், ஏரிப் புறம்போக்கைப் பட்டா போட ஒருவர் கொடுக்கும் லட்சங்களும் ஒன்றல்ல. முதலாவதில் கொடுப்பவர் பாதிக்கப்பட்டவர். இரண்டாவதில் கொடுப்பவர் பங்காளி, பாதிக்கப்பட்டது ஊர்.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஓரளவு ஏற்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றமானது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் இந்தப் பிரிவு அவர் மேல் பாயாது. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பொறியாகப் பணம் கொடுப்பவருக்கும் விலக்கு உண்டு. லஞ்சம் வாங்கும் அரசு ஊழியருக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. இவற்றைச் சொல்லிவிட்டு, "அப்பாவுக்கு வேறு என்ன வழி இருந்தது?" என்பதை வகுப்பே பேசட்டும். ரசீது கேட்பது, மனு கொடுத்த தேதியைக் குறித்து வைப்பது, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவது, தனியாகப் போகாமல் நாலு பேராகப் போவது என்று வழிகள் வரிசையாக வரும்.

எச்சரிக்கை ஒன்று இங்கே தேவை. அதே வகுப்பில் கிராம நிர்வாக அலுவலரின் மகளும் காவலரின் மகனும் இருக்கலாம். பொறியில் சிக்கி வேலையிழந்தவரின் பிள்ளையும் இருக்கலாம். எந்தத் துறையையும் ஒட்டுமொத்தமாகச் சாடக் கூடாது. பெயர், பதவி, ஊர் சொல்லிக் கதை சொல்வதையும் முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

வேதியியல் கூடத்தில் ஒரு பொறி

பினாப்தலீன் என்றால் மேல்நிலை மாணவர்களுக்குத் தரம்பார்த்தல் சோதனை நினைவுக்கு வரும். அமிலத்தில் நிறமில்லை, காரத்தில் இளஞ்சிவப்பு. லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறி நடவடிக்கை இதே வினையில்தான் நிற்கிறது. புகார்தாரர் கொண்டுவரும் ரூபாய் நோட்டுகளின் வரிசை எண்களைச் சாட்சிகள் முன்னிலையில் குறித்துக்கொண்டு, நோட்டுகளில் பினாப்தலீன் பொடியைத் தடவுகிறார்கள். பொடி கண்ணுக்குத் தெரியாது. பணம் கை மாறியதும் வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். கரைசல் சிவக்கும். அதைப் புட்டியில் ஊற்றி முத்திரையிட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்துகாட்டப் பத்து நிமிடம் போதும். பிள்ளைகளின் கையில் பொடியைத் தடவ வேண்டாம். வடிதாளில் லேசாகத் தடவி, இன்னொரு தாளால் ஒற்றியெடுத்து, ஒற்றிய தாளைச் சலவைச் சோடாக் கரைசலில் இடுக்கியால் நனைத்தால் போதும். இளஞ்சிவப்பு பரவும்போது எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கும்.

உடனே அடுத்த கேள்வி: "கை சிவந்துவிட்டால் குற்றம் நிரூபணம் ஆகிவிட்டதா?" ஆகவில்லை. பணம் கையில் இருந்தது என்பதை மட்டுமே நிறம் சொல்கிறது, லஞ்சமாகக் கேட்டார் என்பதை அது சொல்லாது. லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சியானாலோகூடச் சந்தர்ப்பச் சாட்சியங்களைக் கொண்டு இவற்றை நிரூபிக்கலாம் என்று விளக்கியது. சந்தேகத்துக்கும் சாட்சியத்துக்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் இங்கே கண்ணால் பார்க்கிறார்கள். யாரையும் போகிற போக்கில் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது என்பதும் நேர்மைப் பாடத்தில் சேர்ந்ததே.

கணக்கு வகுப்பில் உகாண்டா

விழுக்காட்டுப் பாடத்துக்கு இந்த எண்களைக் கொடுக்கலாம். உகாண்டா அரசு தன் தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி மானியம் ஒதுக்கிவந்தது. ரித்வா ரைனிக்கா, யாக்கப் ஸ்வென்சன் என்ற பொருளியலாளர்கள் பள்ளிகளுக்கே நேரில் போய்க் கணக்கெடுத்தபோது, 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளை எட்டியது தெரிந்தது. மீதியின் பெரும்பகுதி மாவட்ட அளவிலேயே நின்றுவிட்டது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை அரசு செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கியது. வந்த தொகையைப் பள்ளிகளிலும் எழுதி ஒட்டினார்கள். 2001இல் பள்ளிகளை எட்டிய பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியது.

மாணவர்களுக்கான வினா: 400 பேர் படிக்கும் பள்ளிக்குத் தலைக்கு 100 ரூபாய் ஒதுக்கினால், 13 விழுக்காட்டில் எவ்வளவு வரும்? 80 விழுக்காட்டில் எவ்வளவு? 5,200 ரூபாயும் 32,000 ரூபாயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, வித்தியாசமான 26,800 ரூபாயில் எத்தனை பெஞ்சு வாங்கலாம் என்று கணக்குப் போடச் சொல்லலாம். அடுத்த வினா சற்றுக் கடினம். இந்த உயர்வுக்குச் செய்தித்தாள் மட்டும்தான் காரணமா? அதே ஆண்டுகளில் உகாண்டாவின் நிதி நிர்வாகத்திலும் கல்வித் துறையிலும் வேறு சீர்திருத்தங்கள் நடந்தன, அவற்றுக்கும் பங்குண்டு என்று பிற்பாடு சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு நல்ல செய்தியையும் சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும் என்பது பதினைந்து வயதில் புரிந்துவிட்டால் நல்லது.

உத்திரமேரூர் முதல் பியாவர் வரை

குடவோலை முறை பாடநூலில் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதை விரிக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்று நுணுக்கமாகச் சொல்கின்றன. 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), அவற்றிலிருந்து ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக் காலம் 360 நாள். ஓலைகள் போட்ட குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவன்.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. சித்தி பெரியம்மா மகன்கள், அத்தை மகன், மாமா, சித்தப்பா, மாமனார், மச்சான், மருமகன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கரும்பலகையில் இதை எழுதினால், "அப்ப கல்யாண வீட்டுல யாருமே மிச்சம் இருக்க மாட்டாங்களே, மிஸ்" என்று ஒரு குரல் வரக்கூடும். பினாமி என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்த தலைவலி என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. இந்தப் பெருமையோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சபை பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களே நிற்க முடிந்தது. கணக்குக் கேட்கும் உரிமை அன்று யாருக்கெல்லாம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

அங்கிருந்து ராஜஸ்தானுக்குத் தாவலாம். சென்னையில் பிறந்த அருணா ராய் இந்திய ஆட்சிப் பணியை 1975இல் உதறிவிட்டு, பிறகு நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடும் கிராமத்துத் தொழிலாளர்களோடும் சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பைத் தொடங்கினார். பஞ்சநிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று கேட்டால், பதிவேட்டில் வேலை அளவு குறைவு என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் அது அரசு ரகசியம் என்றார்கள். 1994 டிசம்பர் 2ஆம் தேதி கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை கூடியது. கிடைத்த மஸ்டர் ரோல்களையும் (கூலியாட்களின் வருகைப் பதிவேடுகள்) பில்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். இறந்தவர் பெயரிலும், ஊரைவிட்டுப் போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டது அம்பலமானது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. எங்கள் பணத்துக்கு எங்களுக்குக் கணக்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் முழக்கத்தின் சாரம். தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைக்கு ஒரு மாநிலச் சட்டம் கொண்டுவந்தது, அதில் விலக்குகள் மிகுதி. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இந்த விசாரணையை வகுப்பில் நாடகமாக நடத்தலாம். ஆசிரியர் ஒரு கற்பனை மஸ்டர் ரோல் தயாரித்து, அதில் வேண்டுமென்றே ஐந்து பிழைகள் வைக்க வேண்டும்: ஒரே கைரேகை இரண்டு பெயருக்கு, ஜூன் 31ஆம் தேதி வேலை, லாரி ஓடாத நாளில் ஜல்லி பில் போன்றவை. ஒரு குழு ஊர் மக்கள், ஒரு குழு அலுவலர்கள். அலுவலராக நடிப்பவர்களுக்கும் நியாயமான வாதங்கள் எழுதித் தர வேண்டும். வில்லனாக மட்டும் நடித்தால் நாடகம் கேலிக்கூத்தாகிவிடும்.

பத்து ரூபாய் மனு

கடிதம் எழுதும் பாடத்தில் விடுப்பு விண்ணப்பத்துக்கு அடுத்து தகவல் மனுவை வைக்கலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட வேண்டும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மனுவின் உயிர் கேள்வியில் இருக்கிறது. "எங்கள் தெருச் சாலை ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது, அது குறை. "இந்தச் சாலைக்கு இந்த நிதியாண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், பணி முடிந்ததாகச் சான்றளித்த தேதி என்ன, அளவீட்டுப் புத்தகத்தின் நகல் தருக" என்று கேட்டால் அது தகவல். குறையைத் தகவலாக மாற்றி எழுதுவதே பயிற்சி. 2012இல் லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி, காந்திக்குத் தேசத்தந்தை என்ற பட்டத்தை எந்த ஆணையின் மூலம் அளித்தார்கள் என்று கேட்டு மனு அனுப்பினாள். மனு பிரதமர் அலுவலகத்திலிருந்து உள்துறைக்கும், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனது. அப்படி ஆவணம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஒரே ஒரு தெளிவான கேள்வி மூன்று அலுவலகங்களைத் தேடவைத்தது என்று வகுப்பில் சொல்லலாம்.

எழுதிய மனுக்களை உடனே அனுப்பிவிட வேண்டாம். அனுப்பத் தகுந்தது என்று வகுப்பு முடிவு செய்யும் ஒரு மனுவைப் பெற்றோர் ஒருவரோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ தம் பெயரில் அனுப்பலாம். பதில் வரும் வரை சுவரில் நாட்காட்டி தொங்கட்டும். முப்பதாவது நாள் வகுப்பே காத்திருக்கும்.

ஆளில்லாத கடை

மிசோரத்தில் சேலிங் அருகே நெடுஞ்சாலை ஓரமாக மூங்கில் குடிசைக் கடைகள் உண்டு. காய்கறி, பழம், பழச்சாறு இருக்கும், கடைக்காரர் இருக்க மாட்டார். விலை அட்டையில் எழுதியிருக்கும். பெட்டியில் பணம் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். காட்டு வேலைக்குப் போக வேண்டிய சிறு விவசாயிகளுக்குக் கடையில் உட்கார ஆள் இல்லாததால் வந்த ஏற்பாடு அது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல பள்ளிகள் நேர்மை அங்காடி என்ற பெயரில் இதைச் செய்துபார்த்திருக்கின்றன. இந்தோனேசியாவில் 2008 வாக்கில் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஊக்கம் கொடுத்து, நேர்மைச் சிற்றுண்டிக் கடைகள் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் திறக்கப்பட்டன. அவற்றில் பல நஷ்டப்பட்டு மூடிக்கிடந்தன.

தொடங்குவதற்கு முன் அந்தத் தோல்வியை யோசித்துப் பார்ப்பது நல்லது. கடையைத் திறந்துவைத்துவிட்டு நம்பிக்கை மட்டும் போதும் என்று விட்டால் நஷ்டம்தான். கடையோடு கணக்கும் நடக்க வேண்டும். சில நடைமுறைக் குறிப்புகள்:

சிறிதாகத் தொடங்கவும். பேனா, பென்சில், அழிப்பான், வரைபடத்தாள், விடைத்தாள் என்று ஐந்தாறு பொருள் போதும். தின்பண்டம் வேண்டாம். முதலீடு 500 ரூபாய்க்குள் இருக்கட்டும்.

விலைகள் 5, 10 என்று முழுமையாக இருக்கட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சில்லறை வைக்கவும். 'சில்லறை இல்லை' என்பதே முதல் சாக்காக இருக்கும்.

கடன் நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். கையில் காசில்லாத பிள்ளை எழுதிவைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், மறுவாரம் கட்டலாம். ஏழ்மையைத் திருட்டாக மாற்றாத ஏற்பாடு இது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு மாணவர்கள் இருப்பு எடுத்து, அறிவிப்புப் பலகையில் கணக்கை ஒட்ட வேண்டும். 40 பேனா வைத்தோம், 13 மிச்சம். 27 பேனா, தலா 5 ரூபாய், வர வேண்டியது 135. பெட்டியில் 111, கடன் நோட்டில் 10, குறைவது 14. அடுத்த வாரம் வேறு இருவர்.

குறைவு வந்தால் திருடனைத் தேடக் கூடாது. கேமரா, சோதனை, சத்தியம் எதுவும் வேண்டாம். 14 ரூபாய் ஏன் குறைந்திருக்கும் என்று வகுப்பு பேசட்டும்: மறதி, சில்லறைச் சிக்கல், எண்ணியதில் பிழை, எடுத்தது. இதில் எதைக் குறைக்க என்ன மாற்றம் செய்யலாம் என்று கேட்டு, அந்த மாற்றத்தை ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். கடை எட்டு வாரம் ஓடினால் எட்டுக் கணக்குத் தாள்கள் கிடைக்கும். புள்ளியியல் பாடத்தில் வரைபடம் போட அவை போதும்.

பள்ளிக்குள்ளேயே பார்த்தல்

வட்டாட்சியர் அலுவலகத்தைப் பற்றிப் பேசும் வகுப்பு, தேர்வு அறையைப் பற்றியும் பேசியாக வேண்டும். பிட் அடிப்பது, ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குவது, செய்முறைத் தேர்வில் ஆசிரியருக்குப் பிடித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண், வராத நாளுக்கு வருகைப் பதிவு, விளையாட்டு அணியில் சிபாரிசு. கடைசி மூன்றும் பெரியவர்கள் பக்கத்துத் தவறுகள். அவற்றை விட்டுவிட்டுப் பிட்டைப் பற்றி மட்டும் பேசும் ஆசிரியரைப் பிள்ளைகள் ஒரே நாளில் எடைபோட்டுவிடுவார்கள்.

ஆசிரியர் செய்யக்கூடியவை எளியவை. அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிடலாம். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்து, கூட்டலை மாணவரே சரிபார்க்க வைக்கலாம். கூட்டலில் மதிப்பெண் கூடுதலாக விழுந்திருப்பதை ஒரு மாணவி வந்து சொன்னால், அந்த மதிப்பெண்ணைக் குறைத்தே ஆக வேண்டும். அதோடு அவள் சொன்னதை வகுப்பு முன்னால் மதிக்கவும் வேண்டும். நேர்மைக்குப் பரிசாகக் கூடுதல் மதிப்பெண் போட்டால், அடுத்த வாரமே நேர்மை வியாபாரமாகிவிடும்.

எல்லைக்கோடு

2003 நவம்பரில் கயையில் சுட்டுக்கொல்லப்பட்ட பொறியாளர் சத்யேந்திர துபே, நெடுஞ்சாலைப் பணி முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர். தன் பெயரை ரகசியமாக வைத்திருக்கும்படி அவர் கேட்டிருந்தார். அது காக்கப்படவில்லை. ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேற்றப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருந்தன. பதினொன்றாம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம். சொன்னபின், தனி மனிதரின் துணிச்சலை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு ஏன் போதாது என்று பேச வேண்டும். இதனால்தான் இந்த அத்தியாயம் நாயகர் கதைகளை அதிகம் நம்பவில்லை.

ஆகவே கறாரான விதிகள் சில. எந்த மாணவரையும் அலுவலகத்துக்கு அனுப்பி ரகசியமாகப் பதிவு செய்யச் சொல்லக் கூடாது. யாரையும் நேருக்கு நேர் குற்றம் சாட்டச் சொல்லக் கூடாது. கள ஆய்வு என்றால் பொதுவில் இருப்பதை மட்டும் குறித்துவரலாம்: இ-சேவை மையத்தின் கட்டணப் பலகை, ரேஷன் கடையின் இருப்புப் பலகை, சாலைப் பணியின் மதிப்பீட்டுப் பலகை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையைப் பெரியவர்களோடு போய்ப் பார்க்கலாம். வரவு செலவு வாசிக்கப்பட்டதா, யார் கேள்வி கேட்டார்கள், பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று குறித்துவந்து வகுப்பில் சொல்லலாம்.

சென்னையில் தொடங்கிய ஐந்தாவது தூண் அமைப்பு 2007 முதல் அச்சிட்டு வழங்கிய பூஜ்ய ரூபாய் நோட்டை வகுப்பில் காட்டலாம். லஞ்சம் கேட்பவரிடம் சண்டை போடாமல் நீட்டுவதற்கான தாள் அது, பார்க்க ரூபாய் நோட்டு போலவே இருக்கும். மாணவர்கள் தங்கள் ஊருக்கென்று ஒன்றை வரைந்து பார்க்கலாம். வரைந்ததை வீட்டில் காட்டினால் போதும், அலுவலகத்தில் நீட்டுவது பெரியவர்கள் வேலை.

ஒரு பருவத்துக்கான வரிசை

முதல் மூன்று வாரம் சொற்களும் விவாதமும். நான்காவது வாரம் வேதியியல் கூடம். ஐந்து, ஆறில் உகாண்டா கணக்கும் உத்திரமேரூரும். ஏழாவது வாரம் மக்கள் விசாரணை நாடகம். எட்டாவது வாரம் மனு. கடை இரண்டாம் வாரமே திறந்துவிட்டால் பருவம் முழுக்கப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்குத் தேர்வு வைக்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். பருவ முடிவில் பார்க்க வேண்டியவை மூன்று: வகுப்புப் பணத்துக்குக் கணக்கு ஒட்டப்பட்டதா, மாணவர்கள் யாராவது அதில் பிழை கண்டுபிடித்தார்களா, கண்டுபிடித்தவரை யாரும் முறைக்காமல் இருந்தார்களா.

இந்த அத்தியாயத்தை மூடுவதற்கு முன் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கோ சுற்றுலாவுக்கோ வகுப்பில் கடைசியாக வசூலித்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எங்கே என்று ஒரு முழுத்தாளில் எழுதி, ரசீதுகளைப் பின்குத்தி, திங்கட்கிழமை காலை வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ரசீது தொலைந்திருந்தால் தொலைந்தது என்றே எழுதுங்கள். அதற்குக் கீழே, யாரேனும் கேள்வி எழுதுவதற்காக, நான்கு விரற்கடை இடம் விடுங்கள்.